நாற்பது செல்போன், ஒரே காற்று

வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் ஒரு வெடி விபத்து நடந்தால் அடுத்தடுத்து என்ன வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டதாக மறுநாள் பேப்பரில் போட்டிருக்கும். நிவாரணம் அறிவிப்பார்கள். போர்மேனைத் தேடுவார்கள். உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள். கடைசியாக, எல்லாத் தரப்பும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்கிற ஒரு பேச்சு வரும்: தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி போதவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தபோதும் இந்தப் பேச்சுதான். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனபோதும் இதுதான். அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே, ஆலையில்கூட இல்லை, குடியிருக்கும் வீட்டில் வெடித்து ஒரு குழந்தையும் பலியானது. அப்போதும் இதைத்தான் சொன்னார்கள். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் நடந்ததற்குப் பிறகும் மாறவில்லை. உள்குத்தகை, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரவைப்பது, இடம் போதாமல் மரத்தடியில் வேலை பார்க்கவைப்பது ஆகியவற்றைப் பேசுவதைவிடப் பயிற்சியைப் பேசுவது எல்லாருக்கும் சுலபம். அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

இந்தப் பேச்சோடு இப்போது ஒரு கருவியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கம்ப்யூட்டர், அதில் நூறு இருநூறு வீடியோக்கள், கூடவே ஒரு வைஃபை. மண்டபத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டால் போதும். உட்கார்ந்திருப்பவர்கள் தத்தம் செல்போனில் அந்த வைஃபையைப் பிடித்து வீடியோவைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கு, நூலகத்துக்கு, பயிற்சி வகுப்புக்கு என்று நன்கொடையாளர்களும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்காரர்களும் இதை விரும்பிக் கேட்கிறார்கள். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது மூன்று: இன்டர்நெட் வேண்டாம், டேட்டா செலவு கிடையாது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். அதைச் சொல்பவர்கள் பொய் என்று தெரியாமலே சொல்கிறார்கள் என்பதால் கோபம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

நல்லதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு வீடியோவைப் பார்க்கிற இடத்தில் இந்த முறைக்கு ஈடு கிடையாது. விமானத்தில் சீட்டுக்குச் சீட்டு திரை பதிப்பதை விட்டுவிட்டு, பயணியின் போனுக்கே வைஃபையில் படம் அனுப்புகிற ஏற்பாடு பல நிறுவனங்களில் ஒழுங்காக நடக்கிறது. சென்னை மெட்ரோவில் 2020 தொடக்கத்தில் வந்த ‘சுகர்பாக்ஸ்’ செயலியும் இந்த வகைதான்: ரயிலிலும் நிலையத்திலும் இருந்த சர்வரிலிருந்து படம் வந்தது, பயணியின் டேட்டா கரையவில்லை. மார்ச்சில் கொரோனா வந்து மெட்ரோவே செப்டம்பர்வரை நின்றுபோனது அதன் துரதிருஷ்டம். இன்டர்நெட் எட்டாத பள்ளிகளுக்காக ‘கோலிப்ரி’ என்ற இலவச மென்பொருளை லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற அமைப்பு தருகிறது. ஒரு குழந்தை பின்னத்திலும் இன்னொரு குழந்தை பரப்பளவிலும் நிற்கும்போது அவரவர் வேகத்தில் போக அது வழிசெய்கிறது. இதிலெல்லாம் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எங்கள் பக்கத்துத் தாயில்பட்டி மண்டபத்துக்கு இந்தப் பெட்டி வந்தால் நடக்கப்போவது வேறு. நாற்பது பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். இந்த ஒரு காரியத்துக்கு வைஃபை பெட்டியைப்போலப் பொருந்தாத கருவி வேறு இல்லை. நெடுங்காலமாக இதைச் சொல்லிவருகிறேன். சொல்லும்போதெல்லாம் ‘ரூட்டர் பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறதே’ என்ற பதில்தான் வருகிறது.

அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம். பெட்டிமேல் அச்சிட்டிருப்பது ரூட்டரும் அதற்கு நிகரான இன்னொரு கருவியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, இரண்டு ஆன்டெனா வைத்து, இரட்டை அகல சேனலில் பேசினால் எட்டக்கூடிய உச்சம். விலை குறைந்த செல்போனில் ஆன்டெனா ஒன்றுதான். சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அப்படிப்பட்ட போனின் உச்சவேகம் வினாடிக்கு 72 மெகாபிட். அதிலும் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் வீடியோவாகக் கையில் வரும். மீதி, பேசுவதற்கு முன் காத்திருப்பதிலும், ‘வந்து சேர்ந்தது’ என்று போன் பதில் சொல்வதிலும், இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் வாய்திறந்து மோதிக்கொண்டால் மறுபடி அனுப்புவதிலும் போய்விடும். வைஃபை என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசக்கூடிய சபை. ரூட்டர் ஒரு போனிடம் பேசும்போது மற்ற முப்பத்தொன்பதும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஆக எல்லாம் நன்றாக இருந்தால் நாற்பது மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது போன். ஆளுக்கு ஒரு மெகாபிட். 480 வரி வீடியோவுக்கு அது மட்டுமட்டாகப் போதும். 720க்குப் போனால் இரண்டு மெகாபிட்டுக்கு மேல் வேண்டும், கணக்கு அங்கேயே கிழிந்துவிடும். ‘எல்லாம் நன்றாக இருந்தால்’ என்று சொன்னேன். எல்லாம் நன்றாக இருக்காது.

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் போனுக்கு 72 கிடைக்காது. அலை வலுவிழந்ததும் போனும் ரூட்டரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடிமட்டத்தில் அது ஆறரை மெகாபிட். அதே அளவு தகவலை அந்தப் போனுக்கு அனுப்பப் பதினோரு மடங்கு நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்க மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பந்தியில் ஒரே ஒருவர் சாம்பார் வாளியோடு நாற்பது இலைக்கும் போகிறார். ஓர் இலையின் முன்னால் மட்டும் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டியிருந்தால், பட்டினி அந்த இலைக்காரருக்கு மட்டும் இல்லை. கிரெனோபிளைச் சேர்ந்த மார்ட்டின் ஹ்யூஸும் கூட்டாளிகளும் 2003இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்: ஒரே ஒரு மெதுவான கருவி போதும், வேகமான கருவிகள் அத்தனையும் ஏறத்தாழ அதன் நிலைக்கு இறங்கிவிடும். ஆளாளுக்குச் சம நேரம் கொடுத்து இதைத் தணிக்கிற ரூட்டர்கள் பிறகு வந்தன. நன்கொடைப் பட்டியலில் இடம்பிடிக்கிற மலிவு ரூட்டர்களில் அதைத் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அறையில் ஆள் நிறைய நிறைய அலை குறையும். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். காலி மண்டபத்தில் மேஜைமேல் ஐந்து போனை வரிசையாக வைத்து நடத்திக் காட்டுகிற விளக்கம் அதனால்தான் எப்போதும் வெற்றிபெறுகிறது. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு நடத்திக் காட்டச் சொன்னால் ‘இன்றைக்கு சிக்னல் சரியில்லை’ என்பார்கள். சிக்னலில் ஒரு குறையும் இல்லை. கூட்டம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

‘அப்படியானால் இரண்டு மூன்று பெட்டி வைத்துவிட்டால்?’ இதையும் கேட்டுவிட்டேன். 2.4இல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் மூன்றே மூன்று. மண்டபத்துக்கு எதிரே உள்ள கடையின் வைஃபை, பக்கத்து வீட்டு வைஃபை, வந்தவர்களில் நாலு பேர் அணைக்க மறந்த ஹாட்ஸ்பாட் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் குடியிருக்கின்றன. நாலாவது பெட்டி வைத்தால் புதிதாகக் காற்று பிறக்காது. இருக்கிற காற்றைப் பங்குபோட இன்னொரு ஆள் வந்ததாகத்தான் ஆகும்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ‘மல்டிகாஸ்ட்’ என்பார்கள். ஒரே வீடியோவை நாற்பது தடவை அனுப்புவானேன், ஒரு தடவை அனுப்பினால் நாற்பது பேரும் பிடித்துக்கொள்ளலாமே என்ற நியாயமான யோசனை அது. கம்பி வலையில் இது அழகாக நடக்கும். வைஃபையில் நடப்பதைக் கவனியுங்கள். தனியொரு போனுக்கு அனுப்பும்போது ‘வந்தது’ என்று அது பதில் சொல்லும், வராவிட்டால் ரூட்டர் மறுபடி அனுப்பும். நாற்பது பேருக்குப் பொதுவாக அனுப்பும்போது யாரும் பதில் சொல்வதில்லை, தொலைந்தது தொலைந்ததுதான். பதில் வராது என்பதால் எல்லாருக்கும் எட்டட்டும் என்று ரூட்டர் ஆகக் குறைந்த வேகத்தில் பேசும். 2.4இல் அது பெரும்பாலும் வினாடிக்கு ஒரு மெகாபிட். அதாவது ஒரு மெகாபிட் வீடியோ அந்த வழியில் முழுசாக நுழையவே நுழையாது. போதாததற்கு, பேட்டரியை மிச்சம்பிடிக்கத் தூங்குகிற போன் ஒன்று அறையில் இருந்தாலும் பொதுத் தகவலைச் சேர்த்துவைத்து அது விழிக்கிற நேரத்தில் மொத்தமாகக் கொட்டுவதுதான் ரூட்டரின் ஒழுங்கு. படம் துண்டு துண்டாகத் துள்ளும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இன்டர்நெட்டின் விதிமுறைகளை வகுக்கிற பொறியாளர் அமைப்பே 2021 அக்டோபரில் 9119ஆம் எண்ணிட்ட ஆவணத்தில் கம்பியில்லா வலைகளில் மல்டிகாஸ்ட் படும் பாட்டை விரிவாக எழுதிவைத்திருக்கிறது. பொதுவாக அனுப்பியதையே மறுபடி அனுப்புகிற ஒரு வழி 2012இல் வைஃபை தரநிர்ணயத்தில் சேர்க்கப்பட்டது. பட்ஜெட் போன்களில் அதைக் காண்பது அரிது. ஆண்ட்ராய்டு போனோ மல்டிகாஸ்ட் தகவலைத் தானாகவே வாசலில் தடுத்துவிடும். செயலி தனியாக அனுமதி கேட்டு வாங்க வேண்டும். போனில் இருக்கிற சாதாரண பிரவுசரால் அதைப் பிடிக்கவே முடியாது. அதனால்தான் கடையில் கிடைக்கிற பெட்டிகள் கௌரவமாகப் பழைய வழிக்கே திரும்பிவிடுகின்றன: வீடியோவைச் சிறு சிறு துண்டாக்கி, கேட்கிற ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக அனுப்புவது. நாற்பது போன், நாற்பது பிரதி. அமெரிக்காவில் விளையாட்டு அரங்குகளுக்காக சிஸ்கோ கம்பெனி ‘ஸ்டேடியம்விஷன் மொபைல்’ என்று மல்டிகாஸ்ட் வழியில் ஓர் ஏற்பாடு செய்தது உண்மைதான். அதற்குத் தனிச் செயலி, தொலைந்ததை ஈடுகட்டும் குறியீடு, இருக்கைகளின் வரிசைக்குத் தக்கபடி அளந்து பொருத்திய விலையுயர்ந்த கருவிகள் என்று ஒரு படையே வேண்டியிருந்தது. தாயில்பட்டிக்கு அந்தப் படை வராது.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அங்கே இடம் தாராளம், சேனல்கள் அகலம். நல்ல ரூட்டர், எல்லார் கையிலும் புது போன், நடுவில் சுவர் இல்லாத அரங்கு என்றால் நாற்பது பேர் அங்கே தடையின்றிப் பார்க்க முடியும். பொறியியல் கல்லூரிக் கருத்தரங்குக் கூடத்தில் இது சாத்தியம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டி யாருக்காக என்று சொல்லி நிதி வாங்கப்படுகிறதோ அவர்களின் கையில் இருப்பது அண்ணன் மாற்றிக்கொண்டபோது தங்கைக்கு வந்த போன், அல்லது வீட்டுக்கே பொதுவான போன், அல்லது பட்டன் போன். மலிவான போன்களில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி சமீப காலம்வரை கிடையாது. அறையில் பாதிப் பேர் 2.4இல் நின்றால் அந்தப் பாதிக்கு மேலே சொன்ன கதைதான். வைஃபை 6 வந்துவிட்டதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சேனலைச் சிறு சிறு கூறாக்கிப் பலருக்கு ஒரே நேரத்தில் பரிமாறுகிற அதன் திறமை உண்மையானது, குட்டிக் குட்டித் தகவல்களுக்கு மிக நல்லது. நாற்பது பிரதியை அது ஒரு பிரதியாக்கித் தருவதில்லை.

கணக்கு எப்படியோ தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அறைக்குள் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு போனும் தனக்குத் தோன்றிய நேரத்தில் துண்டுகளை வாங்கி ஓட்டுகிறது. ஒன்று மூன்று வினாடி முன்னால், ஒன்று எட்டு வினாடி பின்னால், ஒன்று சக்கரம் சுற்றியபடி நிற்கிறது. நாற்பது சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரே குரல் நாற்பது இடைவெளியில் வருகிறது. ‘தரையில் இழுக்காதீர்கள்’ என்ற வாக்கியத்தின் தலை ஒரு மூலையிலும் வால் இன்னொரு மூலையிலும் கேட்கிறது. எல்லாருக்கும் இயர்போன் கொடுத்துவிடலாம் என்பது அடுத்த யோசனையாக வரும். வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இன்னும் ஒரு சில்லறைத் தொல்லை: இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று போன் கண்டுபிடித்துவிடும். ஆண்ட்ராய்டு ஒரு முகவரியைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லையென்றால் எச்சரிக்கை காட்டி, ஆளைக் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடக்கூடும். பெட்டிக்காரர் மேஜை மேஜையாகப் போய் ‘இதை அமுக்குங்க, அதை அமுக்காதீங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிடும்.

எதைக் கற்பிக்கப் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டாமா? பட்டாசு ஆலையில் தெரிந்திருக்க வேண்டியவை கேட்க எளியவை, கடைப்பிடிக்கக் கடினமானவை. அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டில் கைவைத்து உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்குவது. பருத்தித் துணி உடுத்துவது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம்வைக்காமல் இருப்பது. அளவுக்கு மேல் அறையில் சேர்த்துவைக்காமல் இருப்பது. அவசரத்தில் தட்டாமல், உரசாமல் வேலை பார்ப்பது. இதையெல்லாம் சொல்லும்போது எழுகிற முதல் கேள்வி, ‘அப்படிப் பார்த்தா பீஸ்ரேட்டு எப்படிண்ணே கட்டுபடியாகும்?’ என்பதுதான். ஒருவர் கேட்பார், பத்துப் பேர் தலையாட்டுவார்கள். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்த வேண்டும். பேச வேண்டும். அனுபவப்பட்ட கிழவர் ஒருவர் எழுந்து தன் கைத் தழும்பைக் காட்டிச் சொல்வது வீடியோவில் இல்லாத பாடம். நாற்பது போனில் நாற்பது இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை யார் நிறுத்துவது? ஆளுக்கொரு திரையில் தலைகுனிந்திருக்கும் கூட்டத்தில் அந்தக் கேள்வி எழவே எழாது. எழாமல் இருப்பது சிலருக்கு வசதி என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அல்லது வீட்டிலேயே வைத்துவிட்டு வரச்சொல்வார்கள். தீப்பெட்டிக்கும் பீடிக்கும் உள்ள அதே தடை. ஆக, போன் இல்லாமல் வேலைக்கு வருகிற ஒரு கூட்டத்துக்குப் போன் வழியாகப் பாடம் நடத்தப் போகிறார்கள். ஆலைக்கு வெளியே மண்டபத்தில் நடத்துவோம் என்றால், மண்டபத்தில் சுவர் இருக்கிறது, சுவரில் படம் காட்டலாம். வீட்டில் போய்ப் பார்க்கட்டும் என்றால், பெட்டியின் வைஃபை வீடுவரைக்கும் வராது. அங்கே பார்க்கப்போவது யூடியூபிலோ வாட்ஸ்அப்பிலோதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்த பிறகு, பத்து நிமிட வீடியோவுக்காகத் தனிப் பெட்டி என்பதன் அவசியம் பெருமளவு போய்விட்டது. 2021 ஜூனில் வெடித்ததைப்போல வீட்டுக்குள் வைத்துச் செய்கிறவர்களோ எந்த மண்டபத்துக்கும் வரப்போவதில்லை.

ஒரே நேரத்தில் பலருக்குப் படம் காட்டுவது எங்கள் ஊர்களுக்குத் தெரியாத வித்தையா? ஊராட்சி டிவி ரூமில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி, ‘தெரியுதா? இப்பத் தெரியுதா?’ என்று மாடியிலிருந்து கத்தியவர்கள் இருக்கிறார்கள். 2006க்கும் 2011க்கும் இடையில் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல் கலர் டிவிகளை இலவசமாகக் கொடுத்தது. அப்போதும் கொடைக்கானல் கோபுரத்துக்கு ஒரு வாட் மின்சாரம்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது கோபுரத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வைஃபை பெட்டிக்கு ஒவ்வொரு தலையும் ஒரு சுமை. இந்த வித்தியாசம் மத்திய அரசுக்கே தெரிந்திருக்கிறது. செல்போனில் நேரடியாக டிவி அலையைப் பிடிக்கிற தொழில்நுட்பத்தை 19 நகரங்களில் சோதிக்கப்போவதாக 2024 ஜனவரியில் சொன்னார்கள். போனில் ஏற்கெனவே இருக்கிற எஃப்எம் ரேடியோவை முடக்காதீர்கள் என்று 2023 ஏப்ரலில் போன் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தினார்கள். பலருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஒருமுறை சொல்கிற கருவிதான் வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது.

பள்ளிக்கல்வித் துறையும் இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. நான் அடிக்கடி புகழ்கிற துறை இல்லை அது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்தபோது கம்ப்யூட்டர்களைக் கம்பி வலையில்தான் கோத்தார்கள். 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவித்தபோது, வகுப்புக்கு ஒரு பெரிய திரை என்றுதான் போனார்கள். கையடக்கக் கணினிகள் ஆசிரியர்களுக்குத்தான் போயின. முப்பது பிள்ளைகள் ஒரு திரையைப் பார்க்க, டீச்சர் நடுவில் நிறுத்தி ஒருவனை எழுப்பிக் கேள்வி கேட்கிறார். வகுப்பு என்றால் இதுதான். ஆளுக்கொரு கருவி கொடுத்தால்தான் நவீனம் என்ற மயக்கம் அங்கே அதிகம் தலையெடுக்கவில்லை.

அப்படியிருந்தும் இந்தப் பெட்டிக்கு ஏன் இத்தனை ஆதரவு? என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டரில் படம் ஓட்டினால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்குச் சான்று ஒரு போட்டோதான். பெட்டியோ கணக்கு எழுதும். இத்தனை கருவிகள் இணைந்தன, இத்தனை வீடியோக்கள் திறக்கப்பட்டன, இத்தனை மணி நேரம் ஓடின என்று வண்ணப் படத்தோடு அறிக்கை தரும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பணம் செலவழிக்கிறவர்களுக்கு அந்த அறிக்கை உயிர். திறந்த வீடியோ பாதியில் நின்றதா, பார்த்தவர் பாதியில் வாட்ஸ்அப்புக்குப் போனாரா, செம்புத் தகட்டில் கைவைக்க வேண்டும் என்பது மண்டையில் ஏறியதா என்பதெல்லாம் அறிக்கையில் வராது. பயிற்சிக்காக வாங்கியதாகச் சொல்லப்படும் பெட்டி உண்மையில் அறிக்கைக்காக வாங்கப்படுகிறது. எல்லாரும் அப்படியா என்று கேட்டால், விதிவிலக்குகள் இருக்கலாம். விதியைத்தான் நான் பேசுகிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இந்தப் பெட்டியை எடுத்துவர விரும்புகிற புண்ணியவான்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. தீபாவளி சீசன் முடிந்து, ஆட்கள் மண்டபத்துக்கு வரக்கூடிய ஒரு நாளில் வாருங்கள். நாற்பது பேரை நெருக்கி உட்காரவையுங்கள். அவர்களிடம் இருக்கிற போன்களிலேயே, நீங்கள் கொண்டுவந்த போன்களில் அல்ல, அரை மணி நேர வீடியோ ஒன்றை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டுங்கள். கடைசி வரிசையில் நானும் உட்காருகிறேன். எல்லாப் போனிலும் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தால் பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள். ஓடாவிட்டால் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அந்தக் காசில் ஒரு புரொஜெக்டரும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும் கரண்ட் போனால் ஓட்ட ஒரு இன்வெர்ட்டரும் வாங்கித் தாருங்கள். சுவருக்கு வெள்ளை நாங்கள் அடித்துக்கொள்கிறோம்.